வீடு பார்க்க வந்தவர்கள்

அன்றைக்குக் கிளாக்கர் வீட்டில் இருந்தவர்கள் யார் யார் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லாதவர்களெல்லாம் இருந்ததாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். வெள்ளைக்கல் தேயிலைத் தோட்டத்தின் மேற்கணக்கில், அதாவது மேல் பிரிவில், கணக்கப்பிள்ளையாக இருந்து ஓய்வுபெற்ற அழகையா இருந்தார். கொழுந்து எடுக்கப் போகாமல் அன்று ஒருநாள் வீட்டில் நின்ற அவர் மனைவி மாரியாயி இருந்தாள். படித்தால் கட்டடக்கலைதான் படிப்பேன் என்று ஒற்றைக் காலில் நின்ற மகள் தனுஜா இருந்தாள். அந்த வீட்டுக்கு உரியவரான அம்பலவாணர், தோட்ட ஆபீசின் பெரிய கிளாக்கர், அந்த மாதத்தோடு வேலையை விட்டுப் பதுளைக்குப் போகவிருந்தவர், மூலை நாற்காலியில் இருந்தார். கொழும்புக் கட்டடக்கலைக் கல்லூரியிலிருந்து வந்த ஜெஸீமா மேடமும், அவரோடு வந்த சந்திரசிறி என்ற சிங்கள ஆசிரியரும் இருந்தார்கள். பக்கத்துக் காம்பராக் கருப்பம்மா குசினிக்குள் பலகாரம் அடுக்கிக்கொண்டிருந்தாள். வேன் ஓட்டி வந்தவர் வேனை விட்டு இறங்கவில்லை. அவ்வளவுதான்.

ஆகஸ்ட் மாதம். ஊவாப் பக்கத்தில் கச்சான் காற்று தலைவிரித்தாடும் காலம். மலைச் சரிவெல்லாம் காய்ந்து, பாதை மண் புழுதியாகக் கிளம்பி, பெண்கள் தலையில் போடும் கொங்காணியிலும் கண்ணிமையிலும் படிந்துவிடும். கொழுந்து குறையும், ஆனால் அந்தக் காற்றில் வாடிய கொழுந்துக்குத்தான் வாசனை என்று துரைமார் சொல்வார்கள். தகரக் கூரைகளின் மேல் கல்லைத் தூக்கி வைத்துவிட்டுத்தான் லயத்து ஜனங்கள், ஒரே கூரைக்கடியில் வரிசையாகக் கட்டிய ஒற்றை அறைகளில் இருப்பவர்கள், வேலைக்குப் போவார்கள்.

அழகையாவின் குடும்பம் தோட்டத்தில் மதிப்பாக இருந்த குடும்பம். அவருடைய பாட்டன் துறையூர்ப் பக்கத்திலிருந்து ஆள் கட்டிக்கொண்டு வந்த கங்காணி. அப்பன் தலைப்பாகை கட்டாமல் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு வந்ததில்லை. அழகையா கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் நின்றால், எந்தப் பொம்பளையும் தராசைப் பார்த்து ஒரு சொல் சொன்னதில்லை, அவ்வளவு நேர்மை. கணக்கப்பிள்ளை குவாட்டர்சில் இரண்டு அறையும் முன்பக்கம் செவ்வரத்தையும் வைத்து நன்றாகத்தான் வாழ்ந்தார். ஓய்வு பெற்றதும் குவாட்டர்சைத் தோட்டம் எடுத்துக்கொண்டது. அது அடுத்த கணக்கப்பிள்ளை தினேஸுக்குப் போனது. மாரியாயி பெயரில் இருந்த லயத்துத் தொங்கல் காம்பராவுக்கு, அதாவது வரிசையின் கடைசி அறைக்கு, சாமான்களோடு குடும்பம் வந்து சேர்ந்தது. வந்து ஐந்து வருடமாகியும் அழகையா அதை ‘வீடு’ என்று சொன்னதில்லை. ‘காம்பராவுக்குப் போறேன்’ என்றுதான் சொல்வார். வெளியில் கிளம்பும்போது சட்டையின் கழுத்துப் பொத்தான்வரை போட்டுக்கொள்வார்.

தனுஜா பதுளையில் விடுதியில் தங்கிப் படித்தாள். அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலைக்கு வெட்டுப்புள்ளி மயிரிழையில் தவறிவிட்டது. வேறு இரண்டு வழி இருந்தன. ஒன்று திருச்சியில் ஒரு கல்லூரி. பதுளையில் ஓர் ஏஜென்சிக்காரன் அதற்கு ஆள் சேர்த்தான். அவன் கொடுத்த பளபளப்பான புத்தகத்தில் கோபுரம் மாதிரி ஒரு நுழைவாயில் இருந்தது. மாரியாயியின் சேமலாப நிதிப் பணமும் கொட்டிலில் நின்ற இரண்டு மாடும் அதற்குள் போகும். இன்னொன்று கொழும்பிலிருக்கும் தனியார் கல்லூரி. அங்கே லயத்தில் வாழும் தோட்டத்துப் பிள்ளை ஒருவருக்கு முழுப் படிப்பையும் இலவசமாகக் கொடுக்கிறார்கள். இரண்டு நிபந்தனை: பிள்ளை தான் வாழும் வீட்டை அளந்து வரைந்து அனுப்ப வேண்டும், பிறகு கல்லூரியிலிருந்து வந்து வீட்டைப் பார்ப்பார்கள்.

மாரியாயி ரொட்டி தட்டிக்கொண்டிருந்த ஒரு பின்னேரம் அந்தப் பேச்சு முற்றியது.

“திருச்சின்னா நம்ம மண்ணு” என்றார் அழகையா. “அங்க போனா நீ கணக்கப்புள்ள அழகையா மக. லயமாவது காம்பராவாவது, எவனுக்குந் தெரியாது.”

“தொறையூருல நமக்கு யாருங்க இருக்கா?” மாரியாயி மாவிலிருந்து கையை எடுக்கவில்லை. “ஒங்க அப்பா சாகுற மட்டும் காயிதம் போட்டாரு. ஒரு பதிலு வந்துச்சா?”

“ஆளு இல்லாட்டி மண்ணு இல்லாமப் போயிருமா?”

“மண்ணு புள்ளைக்குச் சோறு போடுமா? காச்சலுன்னா கஞ்சி வச்சுக் குடுக்குமா?”

“அப்பா,” தனுஜா மெதுவாகச் சொன்னாள், “அங்க படிச்சிட்டு வந்தா இங்க வேல செய்ய இன்னொரு பரீட்ச எழுதணுமாம். கொழும்புல படிச்சா அந்தக் கஷ்டம் இல்ல. எனக்கு இங்கதாம்ப்பா கட்டணும். லயத்த ஒடச்சிட்டு வீடு கட்டுறாங்கன்னு சொல்றாங்களே, அதெல்லாம் யாரு வரையிறா? ஒருநாளாவது லயத்துல படுத்து எந்திரிச்சவங்களா?”

“கட்டுறது கெடக்கட்டும். கொழும்புல தோட்டத்துப் புள்ளன்னா என்னான்னு நெனப்பானுங்கன்னு ஒனக்குத் தெரியாது.”

அழகையாவின் தங்கை ஜீவராணி பாவாடை கட்டும் வயதில் கொழும்பு வீடொன்றுக்குப் பிள்ளை பார்க்கப் போனவள். திரும்பி வந்தபோது அவள் தமிழையே மறந்திருந்தாள். அந்தக் குடும்பத்தில் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

மாரியாயிதான் ரொட்டியைத் திருப்பிப் போட்டபடி முடித்தாள். “வந்து பாத்துட்டுப் போகட்டுமே. வர்றவங்கள வராதீங்கன்னு சொல்றது என்னா மரியாத?”

மரியாதை என்ற சொல்லைக் கேட்டால் அழகையா இறங்கிவருவார் என்று அவளுக்குத் தெரியும். அவரும் இறங்கித்தான் வந்தார். ஆனால் அவர் மனதில் வேறொன்று ஓடியது.

மேற்கணக்கு லயங்களில் ஒரு வழக்கம் உண்டு. வெளித் தோட்டத்திலிருந்தோ டவுனிலிருந்தோ பெண் பார்க்க ஆள் வந்தால் அவர்களை லயத்துக்குள் கொண்டுவர மாட்டார்கள். கிளாக்கர் வீட்டையோ டாக்டரையா குவாட்டர்சையோ ஒரு பகலுக்குக் கேட்டு வாங்குவார்கள். கோயிலிலிருந்து நாற்காலி வரும். கடை முதலாளி பூப்போட்ட கோப்பை கொடுப்பார். எவர் வீட்டில் நல்ல மேசைவிரிப்பு இருக்கிறதோ அவர் கேட்காமலே கொண்டுவந்து விரிப்பார். வந்தவர்களுக்கு வழி காட்டுகிற பிள்ளைகூட லயத்துப் பக்கம் கையை நீட்டாது. மாப்பிள்ளை வீட்டாரும் தங்கள் தோட்டத்தில் இதையேதான் செய்வார்கள். ஆகவே கேட்க மாட்டார்கள். பொய் என்று யாரும் நினைப்பதில்லை. ஒருத்தர் முகத்தை மற்றவர் காப்பாற்றுவது, அவ்வளவுதான். போன வருடம் கருப்பம்மாவின் மகள் காமாட்சியைத் தெமோதரையிலிருந்து வந்து பார்த்ததும் அம்பலவாணரின் முன்னறையில்தான்.

“அப்பா, வேணாம்ப்பா” என்றாள் தனுஜா. “லயத்துல இருக்கிற புள்ளைக்குத்தான் குடுப்பாங்க. அப்படித்தான் போட்டிருக்கு.”

“அப்படித்தான் போடுவாங்க. பொண்ணு பாக்க வர்றவனும் எங்களுக்கு ஒண்ணும் வேணாம், புள்ளைய மட்டும் குடுங்கன்னுதான் சொல்றான். வந்து கூரைய அண்ணாந்து பாத்துட்டுத்தான வாயத் தொறக்கிறான்? இல்லாதவனுக்கு எவனும் குடுக்க மாட்டான் புள்ள. குடுத்தா மரியாதையா வச்சிக்குவான்னு தெரியறவனுக்குத்தான் குடுப்பான்.”

அம்பலவாணர் சாவியை உடனே கொடுத்தார். அவர் மனைவி குணமணி ஏற்கனவே பதுளைக்குப் போயிருந்தார்; வீட்டுச் சாமானில் பாதியும் போய்விட்டது.

“வீடு வெறும் வீடாக் கிடக்கு, உமக்கு விருப்பமெண்டா எடும். ஆனா ஒண்டு காணும், நான் எங்க போறது? மாப்பிள்ளை பாக்க வந்தாலாவது பெட்டைக்கு மாமன் எண்டு சொல்லலாம்.”

“ஐயா சும்மா மூலையில ஒக்காந்திருங்க. என் சிநேகிதர்னு சொல்லிக்கிறேன்.”

“என்ர வீட்டில நான் விருந்தாளி. நல்லது. தேத்தண்ணியாவது தருவீரோ?”

முதல்நாள் மாலையே சாமான் நகர்ந்தது. வீடு பாதி வெறுமையாக இருந்ததால் அழகையா தன் காம்பராவிலிருந்து எல்லாவற்றையும் எடுத்துவரச் சொன்னார். தேக்குக் கட்டில், கண்ணாடி அலுமாரி, மணிக்கூடு, முருகன் படம், மாரியம்மன் படம், அப்பன் தலைப்பாகையோடு நிற்கும் படம், எல்லாம். லயமே கூடித் தூக்கியது. காற்று மேசைவிரிப்பைப் பறித்துக்கொண்டு போக, கருப்பம்மா துரத்திப் பிடித்தாள்.

“அண்ணே, புள்ளைய யாருக்குக் கட்டிக் குடுக்கப் போறீங்க? காலேஜுக்கா?” என்று அவள் கேட்டதும் கட்டில் தூக்கியவர்கள் சிரித்துக் கட்டிலைக் கீழே வைத்துவிட்டார்கள். அழகையாவும் சிரித்தார். அவர் சிரிப்பது அபூர்வம்.

காலையில் மாரியாயி உளுந்து வடை சுட்டாள். தனுஜா ஒன்றும் பேசாமல் நாற்காலிகளைத் துடைத்தாள். பத்து மணிவாக்கில் வேன் வந்தது. ஜெஸீமா மேடம் தலையில் சாம்பல்நிற முக்காடு போட்டிருந்தார், நாற்பது வயதிருக்கும். கொழும்பிலிருந்து விடியுமுன்னே கிளம்பியதாகச் சொன்னார். சந்திரசிறி இறங்கியதும் மலையைப் பார்த்து நின்றார். பிறகு செருப்பை வெளியில் கழற்றிவிட்டு உள்ளே வந்து கைகூப்பினார்.

“நல்ல பழைய வீடு ஐயா” என்றார் ஜெஸீமா மேடம் உட்கார்ந்தபடி. “எத்தன வருஷமா இருக்கீங்க?”

“ரொம்ப காலமா இருக்கோங்க” என்றார் அழகையா.

அம்பலவாணர் இருமினார்.

“இந்தக் காத்து இப்பிடியே அடிச்சிட்டிருந்தா வீட்டுக்குள்ள தூசி வராதா? எந்தப் பக்கம் பூட்டி வைப்பீங்க?”

“முன்கதவத்தாங்க சாத்திருவோம். கச்சான் முன்னாலதான் அடிக்கும்.”

லயத்துத் தொங்கல் காம்பராவுக்கு அது சரி. கிளாக்கர் வீடு மலையின் மறுபக்கம் பார்த்து நிற்கிறது. அவர் சொல்லி வாய் மூடுமுன் பின்பக்கத்து ஜன்னல் கதவு படீரென்று அடித்து, மேசைவிரிப்பின் ஒரு முனை தூக்கிக்கொண்டது. ஜன்னலைச் சாத்த எழுந்த அழகையா நடையிலிருந்த முதல் கதவைத் திறந்தார். அது சாமான் அறை. உள்ளே அம்பலவாணரின் பழைய குடைகள் மூன்று அவர்மேல் சரிந்தன. குசினிக்குள் கருப்பம்மா வாயில் சேலைத் தலைப்பை வைத்து அடைத்துக்கொண்டாள்.

சந்திரசிறி மரியாதையாக வேறு பக்கம் பார்த்தார். ஜெஸீமா மேடம் வடையைப் பிட்டுக்கொண்டு, “வடை நல்லா இருக்கு அம்மா” என்றார் மாரியாயியைப் பார்த்து. பிறகு பையிலிருந்து ஒரு பெரிய தாளை எடுத்து மேசையில் விரித்தார்.

மகள் வரைந்த படத்தை அழகையா அப்போதுதான் முதன்முதலில் பார்த்தார். லுணுகலை டவுனில் ஒரு கடையில் கொடுத்து அனுப்பினாள் என்பது தெரியும்; என்ன வரைந்தாள் என்று அவர் கேட்கவில்லை. தொங்கல் காம்பரா முழுவதும் அங்கே கிடந்தது, கூரையைக் கழற்றிவிட்டு மேலிருந்து எட்டிப்பார்ப்பதுபோல. முன்திண்ணையான இஸ்தோப்பில் பாதியை மறித்துக் கட்டிய அடுப்படி. அடுப்புக்கு மேலே விறகு காயும் பரண். ஒரே அறை. அறையைக் குறுக்கே பிரிக்கும் கோடு. அதன் பக்கத்தில் ‘அம்மாவின் பழைய சேலை’ என்று சின்ன எழுத்து. சேலைக்குப் பின்னால் ஒரு சதுரம்: ‘நானும் அம்மாவும் உடுப்பு மாற்றும் இடம்’. கூரை ஒழுகும் இடங்களில் சின்னச் சின்ன வட்டம், வட்டத்துக்குள் ‘சட்டி’. சுவரோரம் ஒரு புள்ளி: ‘அப்பா சட்டை மாட்டும் ஆணி’.

அழகையாவின் காது சூடேறியது. வீட்டுப் பொம்பளைகள் உடுப்பு மாற்றும் இடத்தை, முன்பின் தெரியாத ஆம்பளை ஒருவர், அதோ அந்தச் சந்திரசிறி, விரல்வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார். இத்தனை வருடம் கழுத்துப் பொத்தான்வரை போட்டு மூடிவைத்ததை மகள் அளந்து, அளவும் எழுதி, கொழும்புக்கு அனுப்பியிருக்கிறாள்.

“இது எந்த இடம் ஐயா?” என்று கேட்டார் ஜெஸீமா மேடம். குரலில் குத்தல் இல்லை. “இந்த வீடு இல்லயே.”

“அது…” அழகையா நிமிர்ந்து உட்கார்ந்தார். “அது நம்ம தோட்டத்து ஜனங்க இருக்கிற லயங்க. புள்ள எரக்கப்பட்டு வரஞ்சிருக்கு. எங்க வீடு இதுதான்.”

மாரியாயி தட்டை மேசைமேல் வைத்தாள். அம்பலவாணர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

ஜெஸீமா மேடம் தனுஜாவைப் பார்த்தார். “அப்பிடியா மகள்? வாப்பா சொல்றது சரியா?”

தனுஜா தகப்பனைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அவர் என்ன செய்திருப்பாரோ தெரியாது. மேசையில் கிடந்த தன் படத்தைப் பார்த்தாள். அதன் ஒரு முனை காற்றில் சுருண்டது; அதைக் கையால் நீவிவிட்டாள்.

“ஆமா மேடம்” என்றாள். “அப்பா சொல்றது சரி. எங்க வீடு இதுதான்.”

“விளங்குது.” ஜெஸீமா மேடம் தாளைச் சுருட்டினார். சந்திரசிறியிடம் சிங்களத்தில் ஏதோ சொன்னார், அவர் தலையசைத்தார். “நல்லா வரைஞ்சிருக்கீங்க மகள். நூறு பேருக்கு மேல அனுப்பினாங்க, இப்பிடி ஒண்டு வரல்ல. ஆனா இந்த உதவி லயத்தில இருக்கிற பிள்ளைக்குத்தான் எண்டு தந்தவங்க கட்டாயமாச் சொல்லியிருக்காங்க. நாங்க மாத்த ஏலாது. நீங்க வேற இடத்தில நல்லாப் படிப்பீங்க.” தேநீரை மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டு எழுந்தார். “அப்ப வாறம் ஐயா. கோவிச்சுக்கொள்ள வேணாம்.”

வாசல்வரை வந்து வழியனுப்பினார் அழகையா. வேன் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயிற்று.

“பிறகென்ன?” என்றார் அம்பலவாணர். “நீர் நினைச்சது நடந்திட்டுது. இனித் திருச்சிதானே. பெட்டை உம்மட மானத்தைக் காப்பாத்திப்போட்டாள்.”

அவர் குத்திக்காட்டச் சொன்னாரா, ஆறுதலுக்குச் சொன்னாரா என்பது அவருக்கே தெரியாது. ஆனால் அது உண்மை. அழகையா கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது. கொழும்புக்காரர்கள் அவரை முன்னறை உள்ள வீட்டு மனிதராகப் பார்த்துவிட்டுப் போனார்கள். மகள் துறையூர்ப் பக்கம் போவாள். யாருக்கும் ஒன்றும் தெரியாது.

உள்ளே மாரியாயி கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள், ஒன்றோடொன்று இடிபடாமல், அடுத்தவர் பொருளைக் கழுவும் பதமாக. தனுஜா கோயில் நாற்காலிகளை ஒன்றின்மேல் ஒன்று அடுக்கினாள்.

“அப்பா,” என்றாள், குரலில் ஒன்றுமே இல்லாமல், “நாற்காலிய இப்பவே கொண்டுபோய்க் குடுத்துரவா? சாயங்காலம் கோயில்ல பூச இருக்கு.”

அழுதிருந்தால் அதட்டியிருப்பார். முகத்தைத் தூக்கிவைத்திருந்தால் அவரும் தூக்கிவைத்திருப்பார். இருபது வயதுப் பெண், தன் படிப்பைத் தகப்பனின் பொய்க்குக் கொடுத்துவிட்டு, நாற்காலிக்கு வழி கேட்கிறாள். அழகையாவுக்கு அந்த அறையில் நிற்க இடமில்லாமல் போயிற்று. குடையும் எடுக்காமல், செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டு பின்பக்கமாக இறங்கினார்.

வேன் பாதை ஃபெக்டரியைச் சுற்றிக்கொண்டு போகும். தேயிலைக்குள் குறுக்கே இறங்கினால் கொழுந்து மடுவத்தடியில் அந்தப் பாதையைப் பிடிக்கலாம். இத்தனை வருடம் ஏறி இறங்கிய குறுக்குவழி. ஆனால் அறுபத்திமூன்று வயதில், கச்சான் நெஞ்சில் மோத, கவ்வாத்து வெட்டிய மிலாறுக் குச்சிகள் வேட்டியைக் கிழிக்க, அவர் ஓடியதை யாரும் அதற்கு முன் பார்த்ததில்லை.

மடுவத்தில் பகல் நிறுவை நடந்துகொண்டிருந்தது. பெண்கள் கொழுந்துச் சாக்கை முதுகில் சுமந்தபடி வரிசையில் நின்றார்கள். தினேஸ் தராசுப் பக்கம் நின்றான். அத்தனை பேருக்கும் முன்னால் பாதை நடுவில் போய் நின்றார் அழகையா. வேன் நின்றது.

“கணக்கப்புள்ள என்னாத்துக்கு வேன மறிக்கிறாரு?” என்றாள் ஒருத்தி.

“கொழும்புக்குக் கூலி வேலைக்கு ஏறப் போறாரோ என்னமோ.”

ஜெஸீமா மேடம் கண்ணாடியை இறக்கினார். “என்ன ஐயா? ஏதும் விட்டுட்டு வந்தோமா?”

அழகையாவுக்கு மூச்சு வாங்கியது. சட்டையின் கழுத்துப் பொத்தான் எங்கேயோ தெறித்துவிட்டிருந்தது. மெதுவாகச் சொல்லலாம், வேனுக்குள் குனிந்து அவர் காதில் மட்டும் சொல்லலாம். ஆனால் கச்சான் சொல்லை அள்ளிக்கொண்டு போகிறது. கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது.

“அது எங்க வீடு இல்லீங்க!”

தராசுப் பக்கத்துப் பெண்கள் திரும்பினார்கள்.

“கிளாக்கர் ஐயா வீடுங்க. ஒருநாளைக்கு எரவல் வாங்குனது. படத்துல இருக்கே, சேல கட்டி மறைச்சது, சட்டி வச்சது, அதுதாங்க எங்க வீடு. நாங்க லயத்து ஆளுங்க. புள்ள பொய் சொல்லலீங்க. நான் சொன்ன பொய்க்குத் தல ஆட்டுச்சு. அவ்வளவுதான்.”

‘எங்க வீடு’ என்று அந்தக் காம்பராவை அவர் சொன்னது அதுதான் முதல் தடவை. அதை நிறுவைக்கு நின்ற அத்தனை பெண்களும் கேட்டார்கள். அவர்களில் பாதிப் பேர் முந்தினநாள் அவருடைய கட்டிலைத் தூக்கியவர்கள். அவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். தினேஸ் தராசு முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஜெஸீமா மேடம் கதவைத் திறந்துவிட்டார். “ஏறுங்க ஐயா. போய்ப் பாப்போம்.”

லயத்துக்குப் போய்ச் சேர்ந்தபோதுதான் அழகையாவுக்கு இன்னொன்று உறைத்தது. தொங்கல் காம்பராவில் ஒரு பொருளும் இல்லை. இருந்த நல்லதெல்லாம் கிளாக்கர் வீட்டுக்குப் போயிருந்தது. அடுப்பும் ஒரு சுருட்டிய பாயும் ஓரமாய் மூன்று சட்டியும்தான் கிடந்தன. சாமி படங்கள் மாட்டியிருந்த இடத்தில் புகை படியாத வெள்ளைச் சதுரங்கள் சுவரில் தெரிந்தன. பக்கத்தில் அப்பன் படத்துக்குரிய நீளச் சதுரம். சந்திரசிறி வாசலில் தயங்கி, மறுபடியும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்.

செய்தி கேட்டுத் தனுஜா மேலிருந்து ஓடி வந்தாள். தகப்பனைக் கடந்து உள்ளே போனாள். அழகையா இஸ்தோப்பிலேயே நின்றார். லயத்தின் ஒவ்வொரு வாசலிலும் ஒரு தலை தெரிந்தது.

மகளின் குரல் வெளியே கேட்டது. முதலில் தடுமாறியது, போகப் போக நேரானது.

“கட்டிலு இங்க மேடம், அப்பா படுக்கிறது. இந்தச் சொவரு ஈரம், அதனால ஒரு சாண் தள்ளிப் போட்டிருப்போம். சேல இந்தக் கம்பியில. மழ வந்தா அம்மா இந்தப் பக்கம் வந்துருவாங்க, நான் அடுப்படிக்குப் போயிருவேன். படிக்கிறது வாசப்படியில, அங்கதான் வெளிச்சம். இது அப்பா சட்ட மாட்டுற ஆணி.”

“இங்க புதுசாக் கட்டினா முதல்ல என்ன செய்வீங்க?” என்று ஜெஸீமா மேடம் கேட்டார்.

“அம்மாவுக்குக் கதவு உள்ள ஒரு எடம்” என்றாள் தனுஜா. “உள்ளாலே தாழ்ப்பாள் போட்டது.”

அழகையா இஸ்தோப்புத் தூணைப் பிடித்துக்கொண்டு மலையைப் பார்த்தபடி நின்றார். முதுகு மட்டும் வளையவில்லை.

புறப்படும்போது ஜெஸீமா மேடம் அவரிடம் வந்தார். “ஐயா, முதல்ல நீங்க சொன்னதையும் நாங்க எழுதத்தான் வேணும். பிறகு சொன்னதையும் எழுதுவோம். ரெண்டையும் வச்சுத்தான் முடிவு எடுப்பாங்க. நான் ஒரு வாக்கும் தர ஏலாது.”

“எழுதுங்க” என்றார் அழகையா. “ரெண்டும் நான் சொன்னதுதான்.”

பின்னேரம் சாமான்கள் திரும்பி வந்தன. இந்தத் தடவை தூக்க ஆள் குறைவு. கருப்பம்மா மேசைவிரிப்பை மட்டும் தன் கையில் மடித்து எடுத்துக்கொண்டு வாசலில் நின்றாள்.

“அண்ணே, ஒங்க புள்ளைக்காக நீங்க சொன்னீங்க, சரி. மடுவத்துல நின்னு ஊருக்கே கத்துனீங்களே, எரவல் வீடுன்னு. எம்மக காமாட்சிய அந்த வீட்டுல வச்சுத்தான பாத்துட்டுப் போனாங்க? நாளைக்கு தெமோதரையில இருந்து சம்மந்தி கேட்டா நான் எந்த மூஞ்சிய வச்சுப் பேசுவேன்? இனிமே இந்த லயத்துக்கு எவன் பொண்ணு பாக்க வருவான்?”

“கருப்பம்மா, வாய மூடு” என்றாள் மாரியாயி.

“நான் மூடித்தான் வச்சிருந்தேன் மதினி. எல்லாரும் மூடித்தான வச்சிருந்தோம்.”

அழகையா தன் மானத்தைத்தான் அவிழ்த்துப் போட்டதாக நினைத்திருந்தார். அதோடு முடிச்சுப்போட்டிருந்த மற்றவர்கள் மானமும் அவிழ்ந்ததை அவள் சொல்லித்தான் தெரிந்துகொண்டார். சொன்னதைத் திருப்பி எடுக்கவும் முடியாது. அந்த வாரம் முழுவதும் அவர் கடைப்பக்கம் போகவில்லை. கோயில் பூசையில் பின்வரிசையில் நின்றார். தெமோதரைச் சம்பந்தி கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததே கருப்பம்மாவுக்கு உறுத்தலாகத்தான் இருந்தது. அவள் இன்றைக்கும் மாரியாயியோடு பேசுவாள், அழகையாவோடு பேச மாட்டாள்.

கொழும்பிலிருந்து செப்டம்பரில் தொலைபேசி அழைப்பு வந்தது. இடம் கொடுத்துவிட்டார்கள். தனுஜா பதுளை ஸ்டேஷனில் ரயில் ஏறியபோது அழகையா கூடவே போய்க் கல்லூரி விடுதிவரை கொண்டுபோய் விட்டார். படிவத்தில் முகவரி கேட்டபோது அவர் சொல்ல, மகள் எழுதினாள்: லயத்துத் தொங்கல் காம்பரா, மேற்கணக்கு, வெள்ளைக்கல் தோட்டம். எழுதி முடிக்கும்வரை அவர் அறைக்கு வெளியே நின்ற வேறு பிள்ளைகளின் தகப்பன்மாரைப் பார்க்கவில்லை.

கீழ்க்கணக்கில் இப்போது ஒரு பேச்சு நடக்கிறது. அழகையா மடுவத்தடியில் கொழும்பு அம்மாவின் காலில் விழுந்து அழுதார், அதனால்தான் மகளுக்கு இடம் கிடைத்தது என்கிறார்கள். அழகையா யார் காலிலும் விழவில்லை. அழவும் இல்லை. வேனை மறித்து நின்று, ‘அது எங்க வீடு இல்லை’ என்று சொன்னார். நின்றபடிதான் சொன்னார்.